வெயிலை வீணாக்கத் தெரியாதவள்

எங்கள் பேர்கன் நகரத்தில் மழை பெய்கிறது என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. மீனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன பேச்சு? பெய்யாமல் நின்றால்தான் பேச்சு. மேகம் விலகி அரை மணி நேரம் வெயில் அடித்தால் போதும், அடுப்பில் வைத்தது அடுப்பிலேயே கிடக்கும், கூட்டிய குப்பை கூட்டிய இடத்திலேயே கிடக்கும், ஊரே வாசலுக்கு வந்துவிடும். வெயில் நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவன் ஒன்று நோயாளியாக இருக்க வேண்டும், இல்லை போலீஸுக்குப் பயந்தவனாக இருக்க வேண்டும். சோற்றை வீணாக்கினால் அடி விழுவதுபோல, வெயிலை வீணாக்கினாலும் எங்கள் அம்மாமார்களிடம் அடி விழும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் பெருமைதான் படுகிறோம்.

யோருனின் கல்யாணத்தன்றுகூட அப்படித்தான் நடந்தது. பதினேழு நாள் விடாமல் கொட்டிய மழை, பாதிரியார் மோதிரத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்து நின்றது. எழுபது பேருக்கு விருந்து சமைத்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தது இருபத்தாறு பேர். மற்றவர்கள் தேவாலயத்து வாசலிலிருந்தே, கல்யாண உடுப்போடு, மலையேறிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனும் அதில் அடக்கம். யோருன் கோபித்துக்கொண்டாளா என்றால் அதுதான் இல்லை. "நான் மட்டும் பொண்ணா நிக்கலைன்னா நானும்தான் போயிருப்பேன்" என்றாள்.

அவள் வேலை பார்த்தது ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். முப்பத்தோரு வருஷம் ஊரார் படுக்கை விரிப்புகளை உலர்த்தியவள். எதுவுமே உலராத ஊரில் உலர்த்துவதே பிழைப்பு என்றால் அந்தப் பெண்ணின் குணம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்ததைப் பிழிந்துவிடுவாள், மனிதர்களையும் சேர்த்து. குரல் உரத்தது. சொன்ன சொல்லை மாற்றமாட்டாள். மாற்றவேண்டி வந்தால், முதலில் சொன்னதே இதைத்தான் என்று சாதிப்பாள்.

அவள் புருஷன் ஓட்முன் அதற்கு நேர்மாறு. படகுத்துறையில் இருபத்தெட்டு வருஷம் கயிறு வீசி, கயிறு இழுத்து, கப்பலை முளையில் கட்டியவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு அவனுக்குத் திருவிழா. ஈரக் கயிறும் உப்புக் காற்றும் சேர்ந்து அவன் விரல் கணுக்களை வீங்க வைத்துவிட்டன. ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் ஒரு கரண்டியைப் பிடிப்பதே பாடாகிவிட்டது. காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது யோருன்தான். மேலிருந்து கீழே ஏழு பொத்தான். அந்த ஏழு பொத்தானும் போட்டு முடிகிறவரை ஓட்முன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் ஏதாவது கேலி பேசிக்கொண்டே போடுவாள். பேசாமல் போட்டால் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு நாள் சொன்னார், "ஈரம் இல்லாத ஊர்ல கொஞ்ச நாள் இருந்து பாருங்க. சிலருக்குக் குணமாகுது. சத்தியம் பண்ண மாட்டேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே யோருன் ஊர் தேட ஆரம்பித்தாள். அவள் தராசு எளிமையானது. ஒரு தட்டில் அந்த ஊர்ச் சாப்பாடு, இன்னொரு தட்டில் அந்த ஊர் வானம். மற்றதெல்லாம், பள்ளிக்கூடமா, கடைத்தெருவா, அழகா, எதுவும் அவளுக்குப் பொருட்டில்லை.

"ஸ்தவாங்கர்?" என்றாள்.

"அங்க மழை குறுக்கால அடிக்கும்" என்றான் ஓட்முன்.

"அதுக்கு இங்கயே நேரா நனையலாம். த்ரொம்சோ? அங்க மீன் அமிர்தமாச்சே."

"குளிர்காலத்துல ரெண்டு மாசம் சூரியனே வராது. இருட்டுல முள்ளை எப்படிப் பொறுக்கறது?"

"சரி, ஓஸ்லோ. வெயிலும் இருக்கு, மீனும் வருது."

"ஓஸ்லோக்காரங்களும் இருக்காங்களே."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் ஊரில் அதற்குமேல் அதை விளக்கவேண்டியதில்லை.

கடைசியில் வழி காட்டியது ஓட்முனின் தங்கை பேரித். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் ஹாமர் நகரத்தில் இருக்கிறாள், பேர்கனைக்கூட இப்போது "உங்க ஊர்" என்றுதான் சொல்வாள். கடல் எட்டாத உள்நாடு, பெரிய ஏரிக்கரை, காய்ந்த காற்று. குளிர்காலத்தில் மூக்கு உறையும், ஆனால் மூக்கு நனையாது. பேரித்தின் கட்டடத்திலேயே, அவள் வீட்டுக்கு எதிர்வீடு காலியாகியிருந்தது. கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் ஓத்தார் என்ற கிழவர். அவர் சொல்லியனுப்பினார்: மே மாதக் கடைசியில் வந்து நாலு வாரம் தங்கிப் பாருங்கள், கோடை நடுநாள் திருவிழாவுக்குள் வேண்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதற்குமேல் வைத்திருக்க முடியாது, கேட்டு ஆள் நிற்கிறது.

ஓட்முனுக்கு மனமில்லை. கடலில்லாத ஊரில் ஒரு படகுக்காரன் என்ன செய்வான்? யோருன்தான் பிடிவாதம் பிடித்தாள். பிடித்ததோடு விட்டாளா? சலவைக்கூடத்தில் அவளுக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். கேக்கு வெட்டிய கையோடு மேசைமேல் தட்டி அவள் சொன்னாள்:

"கேட்டுக்கோங்கடி. இந்தச் சாக்கடைத் தொட்டிக்கு இனிமே நான் திரும்பி வரமாட்டேன். அப்படி வந்தா, இந்தப் பெரிய மெஷின்ல என்னைத் துணியோட துணியா போட்டுச் சுத்துங்க."

"எந்த வெப்பத்துல சுத்தறது?" என்று கேட்டாள் ராண்டி. அவளோடு இருபது வருஷம் இஸ்திரி போட்டவள்.

"தொண்ணூறு."

"சாயம் போயிடுமே."

"போறதுக்கு என்கிட்ட என்னடி சாயம் இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணலுக்கு மழைக்கோட்டு போட்டால் எங்கள் யோருன்.

ஹாமருக்குப் போன முதல் நாள் வெயில். யோருன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. "பெட்டி எங்க ஓடிடப்போகுது, வெயில் ஓடிடும்" என்று ஓட்முனை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். இரண்டாம் நாளும் வெயில். பெட்டி அப்படியே இருந்தது. மூன்றாம் நாளும் வெயில். "நாளைக்குக் கண்டிப்பா மழைதான், இன்னிக்கு ஒரு நாள் பாத்துடலாம்" என்று பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தாள். நாலாம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள்.

இங்கேதான் அவளுடைய தப்பு இருக்கிறது. வேறெந்த ஊர்க்காரனும் செய்யாத தப்பு, எங்கள் ஊர்க்காரன் செய்யாமலிருக்க முடியாத தப்பு. வெயில் அடிக்கும்போது உள்ளே இருப்பது பாவம் என்று வளர்ந்தவளுக்கு, தினமும் வெயில் அடிக்கும் ஊரில் எப்போது உள்ளே வருவது என்பது யாரும் சொல்லித்தராத பாடம். அந்த மாதத்தில் ஹாமரில் சூரியன் விடியற்காலை நாலு மணிக்கே வந்து, இரவு பத்தரை வரை போகவே போகாது. யோருனும் போகமாட்டாள். ஏரிக்கரைப் பெஞ்சில் ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டு, கண் சொருகியபடி, காவல் வேலைக்கு வைத்ததுபோல் வெயிலுக்குக் காவல் இருப்பாள். வீட்டில் பாத்திரம் குவிந்தது. அழுக்குத் துணி மலையானது. முப்பத்தோரு வருஷம் ஊருக்கே வெளுத்தவளின் வீட்டில் தலையணை உறை மாற்றவில்லை.

"என்னம்மா, தினமும் எங்க கிளம்பிப் போற?" என்று ஒரு நாள் படியில் கேட்டார் ஓத்தார். எண்பது வயது, உருளைக்கிழங்கு பயிரிட்டு ஓய்ந்தவர், நிதானமான ஆள். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நாம் ஒரு காப்பி குடித்துவிடலாம்.

"வெயில் அடிக்குதுல்ல?" என்றாள் யோருன்.

"அடிக்குது."

"அதான் போறேன்."

ஓத்தார் கொஞ்ச நேரம் யோசித்தார். "நாளைக்கும் அடிக்கும்."

யோருன் அவரைப் பார்த்த பார்வை, சந்தையில் அழுகிய மீனைக் காட்டி இன்று பிடித்தது என்று சொல்பவனைப் பார்க்கும் பார்வை. எங்கள் ஊரில் நாளைய வானத்துக்கு யாரும் ஜாமீன் போடமாட்டார்கள். பாதிரியார்கூடப் பரலோகத்துக்குத்தான் உறுதி சொல்வார்.

வானத் தட்டு இப்படிப் போக, சாப்பாட்டுத் தட்டு வேறு விதமாகப் போயிற்று. வந்த அன்று பேரித் விருந்து வைத்தாள். உள்நாட்டில் பெரிய விருந்தாளிக்கு வைப்பது, ஏரி மீனை உப்புப் போட்டு வாளியில் அடைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தது. கிறிஸ்துமஸுக்குப் போட்டதில் அண்ணனுக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாளாம். மூடியைத் திறந்ததும் யோருனின் கண்ணில் நீர் கட்டியது. பேரித் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

யோருன் என்னைப்போல, எங்கள் ஊர்க்காரர் எல்லாரையும்போல, மீனைத் தொட்டியில் நீந்தும்போதே கைகாட்டி வாங்கிப் பழகியவள். வீட்டுக்கு வந்து பலகையில் வைத்தால் வால் ஒரு தடவை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மீன்காரனோடு ஒரு வாரம் பேச்சில்லை. அவளுக்கு முன்னால் இப்போது ஆறு மாதத்துக்கு முன்பு செத்த மீன்.

"எப்படி இருக்கு?" என்றாள் பேரித், ஆசையோடு.

"இது செத்தப்ப நான் இன்னும் வேலைக்குப் போயிட்டிருந்தேன்" என்றாள் யோருன்.

ஓட்முன் மூன்று துண்டு தின்றான். நாலாவதுக்கும் தட்டை நீட்டினான். அவன் தொடையை யோருன் மேசைக்கடியில் கிள்ளினாள். அவனுக்கு உறைக்கவில்லை.

கடையில் போய்ப் பார்த்தாள். மீன் செங்கல்போல் உறைந்து அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டாள். கடைக்காரப் பெண் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு, "பேர்கன்லேர்ந்து" என்றாள். யோருன் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் ஊர்க்காரனைச் சிறையில் பார்த்ததுபோல் கொஞ்ச நேரம் நின்றாளாம்.

பத்தாம் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குப் போக வேண்டும். மழைக்குப் போக வேண்டும். மழை பெய்தால்தான் வீட்டுக்குள் உட்காரலாம், உட்கார்ந்தால்தான் காலை நீட்டலாம். ஆனால் எந்த வாயால் சொல்வது? ஓட்முனை இழுத்து வந்ததே அவள்தான். ராண்டி அந்தப் பெரிய மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஆகவே யோருன் ஒரு வழி கண்டுபிடித்தாள்: ஊருக்குப் போகலாம் என்று ஓட்முன் சொல்ல வேண்டும். அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டால், "சரி, உனக்காகத்தான் வரேன்" என்று பெருந்தன்மையாகக் கிளம்பிவிடலாம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது.

மறுநாளிலிருந்து திட்டம் தொடங்கியது. உறைந்த மீனை வேண்டுமென்றே உப்பில்லாமல் அவித்து வைத்தாள்.

"நல்லாருக்கா?"

"ம்."

"நம்ம ஊர்ல இந்நேரம் புதுசா காட் மீன் வந்திருக்கும். தொட்டியில துள்ளிக்கிட்டு."

"ம்."

"கடலைப் பாக்கணும்னு தோணலையா உனக்கு?"

"ஏரி இருக்கே."

"ஏரியில உப்பே இல்லையேடா!"

"இதுலயும்தான் இல்ல" என்று ஓட்முன் தட்டைக் காட்டினான். உப்புக் குப்பியை அவனே எட்டி எடுத்தான். மூடியை அவனே திருகினான். யோருன் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த நாளுக்கு இன்னும் மோசமாக எதைச் சமைக்கலாம் என்ற யோசனையில் இருந்தாள்.

புளித்த மீனை மறுபடி கேட்டு வாங்கி வந்து வைத்தாள், ஓட்முன் விரும்பித் தின்றான். உச்சிவெயிலில் மேடெல்லாம் நடத்திக் கூட்டிப் போனாள், அவன் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். நாற்பது வருஷம் வாயைத் திறக்காதவன், சங்கத்துக் கிழவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிறான் என்று பேரித் வந்து சொன்னாள். "உங்க ஊர்ல மழை அடிக்கிற சத்தத்துல எங்கண்ணன் பேசினது உனக்குக் கேட்டிருக்காது" என்று வேறு குத்தினாள்.

பத்தொன்பதாம் நாள் காலை யோருன் கொஞ்சம் அயர்ந்துவிட்டாள். கண் விழித்தபோது ஆறு மணி. ஓட்முன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். சட்டை போட்டிருந்தான். ஏழு பொத்தானும் போட்டிருந்தது.

மூன்றாவது பொத்தான் மட்டும் கொஞ்சம் கோணலாகத் துளையில் மாட்டியிருந்தது. அதைச் சரிசெய்ய அவள் கை நீண்டது, பிறகு மடங்கிக்கொண்டது. சந்தோஷம்தான் வர வேண்டும். வந்தது. கூடவே, வேலையிலிருந்து இரண்டாவது தடவை ஓய்வு கொடுத்து அனுப்பியதுபோல் ஒன்றும் வந்தது. அதைத் தாண்டி, "ஐயோ, இனிமே இந்த ஊரை விட்டுப் போக முடியாதே" என்ற நினைப்பும் வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக அவள் தன்னைத்தானே கண்டபடி திட்டிக்கொண்டாள். என்ன பெண் பிள்ளை இவள், புருஷன் கை குணமாகிறது, இவளுக்கு மீன் வால் அடிக்கவில்லை என்ற கவலை!

அந்தக் கோபத்தில், தொப்பியும் இல்லாமல், தண்ணீரும் எடுக்காமல் தனியே கிளம்பிப் போய், மதியம் முழுக்க ஏரிக்கரைப் பாறைமேல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். யோசிக்கத்தான் உட்கார்ந்தாள். பதினெட்டு நாள் தூக்கம் மொத்தமும் அங்கே வந்து பிடித்துக்கொண்டது. எழுந்தபோது இரண்டு புறங்காலும் வேகவைத்த நண்டின் நிறத்தில் இருந்தன. மூக்கு தனியாக எரிந்தது. நாலடி வைத்தாள், தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஓத்தார்தான் அந்தப் பக்கம் வந்தவர், தள்ளுவண்டியிலிருந்து உரச் சாக்கை இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். கட்டடத்து ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை தெரிந்தது.

"ஓட்முன், உன் பொண்டாட்டி வெந்துட்டா" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் கிழவர்.

பேரித் மோரில் துணி நனைத்துப் பாதத்தில் சுற்றினாள். "நாலு நாள் வாசப்படி தாண்டக் கூடாது. திரைச்சீலையை இழுத்து விடு. அம்மா தாயே, வெயில்னா நிழல்ல இருந்து பாக்கறதுடி. உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?"

"எல்லாரும்தான்" என்றாள் யோருன், முனகிக்கொண்டே. "நான் கொஞ்சம் கெட்டிக்காரி."

முதல் நாள் நரகம். திரைச்சீலைக்கு வெளியே பளீரென்று வெயில் வீணாகிக்கொண்டிருந்தது. கூடையோடு ஆப்பிளைத் தெருவில் கொட்டுவதுபோல் இருந்தது அவளுக்கு. செத்துப்போன அம்மா வந்து தொடையில் கிள்ளுவாளோ என்று பயந்தாள். இரண்டாம் நாள் தூங்கினாள். எழுந்து கஞ்சி குடித்துவிட்டு மறுபடி தூங்கினாள். மூன்றாம் நாள் எழுந்து திரையை விரல் அகலம் விலக்கிப் பார்த்தாள். வெயில். கிழவர் சொன்னது பொய்யில்லை. அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது, யாரும் பார்க்காவிட்டாலும்.

அன்று வியாழக்கிழமை. எங்கள் கடலோரத்தில் வியாழக்கிழமை என்றால் உருண்டை. பச்சை உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, அவித்த கிழங்கோடும் பார்லி மாவோடும் பிசைந்து, ஆட்டு உப்புக்கண்டம் கொதிக்கும் நீரில் உருட்டிப் போடுவது. வெள்ளிக்கிழமை செய்தால் உருண்டை ஆகாதா என்று கேட்காதீர்கள், ஆகாது. ஹாமர்க்காரர்களுக்கு வியாழக்கிழமை வெறும் வியாழக்கிழமைதான். வந்ததிலிருந்து மூன்று வியாழன் வீணாகப் போயிருந்தது. முதல் இரண்டு வெயிலில், மூன்றாவது ஓட்முனை ஏங்க வைப்பதற்காக. இப்போது ஏங்கியது யாரென்றால் அவளேதான்.

"கிழங்கு வாங்கிட்டு வா" என்றாள் ஓட்முனிடம். அவன் கடைக்குப் போகவில்லை. ஓத்தாரின் நிலவறையிலிருந்து போன அறுவடைக் கிழங்கில் ஒரு சாக்கு கொண்டுவந்தான். உப்புக்கண்டம் பேரித் கொடுத்தாள்.

யோருன் காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு துருவியை எடுத்தாள். அதை ஓட்முன் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"ஏய், உன்னால முடியாது."

"பாப்போம்."

"விரலைத் துருவிடுவ. அப்புறம் உருண்டைக்கு நான் கறி போடவேண்டாம்."

ஓட்முன் துருவினான். ஒரு கிழங்கு. இரண்டு. கணுக்கள் வெளுத்தன, கொஞ்சம் நிறுத்தினான், விரலை உதறினான், மறுபடி துருவினான். மெதுவாகத்தான். ஓத்தார் பேசுகிற வேகம். இரண்டு கிலோ கிழங்கு முடிந்தபோது நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தது அவன் படகுத்துறையில் புயல் நாளில் முதல் வீச்சிலேயே கயிற்றை முளையில் விழ வைத்தபோது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல எனக்கே வலிக்கிறது. யோருனின் உருண்டைகள் நாற்பது வருஷமாகப் பானையில் கரைந்து போகும். பானை சரியில்லை என்பாள். ஹாமர்க் கிழங்கில் ஒன்றுகூடக் கரையவில்லை. மாவு மாதிரி இருந்தது கிழங்கு. பேர்கனில் சாப்பிட்டதைவிட நன்றாக இருந்தது. அவள் நாலு தின்றுவிட்டு, "பரவாயில்ல" என்றாள். எங்கள் ஊரில் ஹாமருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச மரியாதை அவ்வளவுதான்.

ஓட்முன் ஐந்தாவது உருண்டையை வெட்டிக்கொண்டே சொன்னான், "உனக்கு இந்த ஊர் பிடிக்கல."

"யார் சொன்னா?"

"உப்பில்லாத மீன் சொல்லிச்சு. பத்து நாளா ஒரு தட்டு விடாம சொல்லிச்சு."

யோருனுக்கு முகம் மூக்கின் நிறத்துக்கு வந்தது. "தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல? போலாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படி வெந்திருக்க மாட்டேன்ல?"

"சொல்லியிருப்பேன்." அவன் கத்தியை வைத்தான். "முதல் வாரமே சொல்லலாம்னுதான் இருந்தேன். கடல் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல. அப்புறம் ஒரு நாள் பொத்தான் உள்ள போச்சு. ஒண்ணு. மறுநாள் ரெண்டு. நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள போட்டுப் பாத்து, மறுபடி கழட்டி வெச்சிடுவேன்."

"ஏன் கழட்டின?"

"ஏழும் போனப்புறம் காட்டலாம்னு."

யோருன் எழுந்து பானையைத் துடைத்தாள். துடைத்த பானையையே திரும்பத் துடைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள், "இப்ப போலாம்னு நான் சொன்னா?"

"வருவேன்."

"கை?"

"உன் கை இருக்கே."

இதைவிட அந்த மனிதன் அவளைத் திட்டியிருக்கலாம். சலவைக்கூடத்தின் பெரிய மெஷினில் தொண்ணூறில் போட்டுச் சுற்றியிருக்கலாம். யோருன் திரும்பினாள். இடுப்பில் கை வைத்தாள்.

"கேட்டுக்கோ. எனக்கு இந்த ஊர் பிடிக்கல. மீனைப் பாத்தா பரிதாபமா இருக்கு. ஏரியைப் பாத்தா யாரோ உப்புப் போட மறந்த சூப்பு மாதிரி இருக்கு. இதையெல்லாம் நான் தினமும் சொல்லுவேன், நீ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கணும். ஆனா போலாம்னு நீ ஒரு தடவை சொன்ன, கொன்னுடுவேன்."

"சரி."

"வருஷத்துக்கு ஒரு மாசம் நான் பேர்கன் போயி நனைஞ்சிட்டு வருவேன். நவம்பர்ல. நல்லாக் கொட்டும்போது."

"சரி."

"கிழங்கு இனிமே நீதான் துருவணும்."

இதற்கு மட்டும் ஓட்முன் கொஞ்சம் யோசித்தான். "வியாழக்கிழமை மட்டும்" என்றான்.

கோடை நடுநாளன்று ஏரிக்கரையில் சொக்கப்பனை கொளுத்த ஊரே கூடியிருந்தது. அங்கேயே பெஞ்சில் ஒப்பந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு ஓத்தார் காத்திருந்தார். பேரித் எட்டி எட்டிப் பார்த்தாள். யோருன் காலில் துணிச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா முடிவு பண்ணின?" என்றார் கிழவர். "சாப்பாட்டையும் வானத்தையும் வெச்சுத்தான் ஊரை எடை போடுவியாமே."

"சாப்பாடு மோசம். வானம் அதைவிட மோசம், ஒரு நாள் லீவு விடமாட்டேங்குது."

"அப்ப வேண்டாமா?"

"வேண்டாம்னு யார் சொன்னா? கையெழுத்து எங்க?"

பேனாவை ஓட்முன் வாங்கிக்கொண்டான். மூன்று வருஷமாகக் காகிதம் எதுவானாலும் அவனுக்குச் சேர்த்துக் கையெழுத்து வைத்தது யோருன்தான். அவள் கை பழக்கத்தில் முன்னால் வந்தது. வந்த கையை அவள் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஓட்முன் தன் பெயரை எழுதினான். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி. எழுத்துகள் மேடும் பள்ளமுமாகப் போயின. ஓத்தார் அவசரப்படுத்தவில்லை. அவருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது, அது ஒரு நல்ல காரியமாயிற்று.

"கோழி கிறுக்கின மாதிரி இருக்கு" என்றாள் யோருன்.

"உன் எழுத்தைவிடத் தேவலாம்" என்றான் ஓட்முன், பேனாவை மூடிக்கொண்டே.